வயிற்றுச் சதைமுளை: இனத்துக்கு இனம் ஏன் வேறுபாடு?



அரசாங்க கிளினிக்கில் பெயர் பதியும்போது நாம் ஒரு பாரத்தை நிரப்புகிறோம். பெயர், வயது, முகவரி ஆகியவற்றோடு ‘பங்சா’, அதாவது இனம் என்று ஒரு கட்டமும் அதில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வைத்தியத்துக்கு வந்தவரிடம் இனத்தை ஏன் கேட்க வேண்டும், வயிற்றுவலிக்குச் சாதி தெரியுமா, மொழி தெரியுமா என்று நம்மில் சிலர் கேட்பதுண்டு.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்தக் கட்டத்தால் ஒரு பயன் இருக்கிறது. சில நோய்கள் ஒரு சமூகத்தில் அதிகமாகவும் இன்னொரு சமூகத்தில் குறைவாகவும் காணப்படுகின்றன. யாருக்கு எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தால்தான், ஏன் என்று தேட முடியும். காரணம் தெரிந்தால் தடுக்கும் வழியும் தெரியும். இன்றைய பேச்சில் வயிற்றில் தோன்றும் சதைமுளைகளையும், அவற்றுக்கு அடிப்படையாக இருக்கும் ஒரு கிருமியையும், இந்த நாட்டு மூன்று இனங்களிடையே காணப்படும் வேறுபாட்டையும் எடுத்துக்கொள்வோம்.

முதலில் சதைமுளை என்றால் என்னவென்று பார்ப்போம். நாம் உண்ணும் உணவு தொண்டை வழியாக இரைப்பைக்குள் போகிறது. அங்கிருந்து சிறுகுடலின் மேற்பகுதிக்கு இறங்குகிறது. இந்தப் பாதையின் உட்புறம் முழுவதும் மெல்லிய சவ்வு படர்ந்திருக்கிறது. அந்தச் சவ்வில் சில இடங்களில் மொட்டுப்போல, காளான்போல, சிறு மணிபோலச் சதை வளர்ந்து நிற்பதுண்டு. டாக்டர்கள் இதனைப் ‘பாலிப்’ என்கிறார்கள். நாம் சதைமுளை என்று சொல்லலாம்.

பெரும்பாலான சதைமுளைகள் வலிப்பதில்லை, எரிவதில்லை. வேறு ஏதோ காரணத்துக்காக வாய்வழியே குழாய் விட்டு ‘ஸ்கோப்’ செய்து பார்க்கும்போதுதான் கண்ணில் படுகின்றன. ஆகவே சதைமுளை என்ற சொல்லைக் கேட்டவுடனே புற்றுநோய் என்று பயந்துவிடக் கூடாது. அதே வேளையில், எல்லாம் ஒன்றுதான் என்று அலட்சியமாகவும் இருந்துவிடக் கூடாது. இரைப்பையில் தோன்றும் சதைமுளைகளில் முக்கியமானவை மூன்று வகை.

முதல் வகை, இரைப்பையின் மேற்பகுதியிலுள்ள சுரப்பிகள் வீங்குவதால் வருவது. கண்ணாடி மணிபோல வழவழப்பாகவும் சிறியதாகவும் இருக்கும். அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் போன்ற மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுகிறவர்களிடம் இது அதிகம் தோன்றுகிறது. பரம்பரை நோய் ஒன்றும் இல்லாதவர்களுக்கு இந்த வகை புற்றாக மாறுவது மிக மிக அரிது.

இரண்டாவது வகை, நெடுநாள் புண்ணின் விளைவு. இதைத் தோட்டத்து மக்களுக்கு விளக்குவது எளிது. பால்மரம் சீவும்போது உளி ஆழமாக இறங்கி மரத்தைக் காயப்படுத்திவிட்டால், புதுப்பட்டை சமமாக வளராது. முடிச்சு முடிச்சாக, மேடு பள்ளமாக வரும். அதுபோல, இரைப்பைச் சவ்வு ஆண்டுக்கணக்கில் அழற்சியால் வெந்து வெந்து ஆறும்போது, ஆறுகிற சதை அளவுக்கு மிஞ்சி வளர்ந்துவிடுகிறது. இதில் சில கசிந்து கசிந்து இரத்தம் குறையச் செய்யும். பெரிதாக வளர்ந்தவற்றில் சிறுபான்மை, புற்றாக மாறுவதும் உண்டு.

மூன்றாவது வகைக்கு ‘அடினோமா’ என்று பெயர். எண்ணிக்கையில் குறைவு. ஆனால் புற்றுநோய்க்கு முந்திய படி இதுவே. கண்டால் எடுத்துவிட வேண்டும்.

ஸ்கோப்பில் கண்ணால் பார்த்த மாத்திரத்தில் இன்ன வகை என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்துப் பூதக்கண்ணாடிக் கருவியில் வைத்துச் சோதிப்பார்கள். கிள்ளும்போது வலி தெரியாது.

இனி வேறுபாட்டுக்கு வருவோம். அமெரிக்காவில் ஒரே ஆண்டில் 1,20,000-க்கும் மேற்பட்டவர்களின் இரைப்பைச் சோதனைகளைத் தொகுத்து 2009-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்குச் சற்று அதிகமானோரிடம் சதைமுளை இருந்தது. அவற்றில் நான்கில் மூன்று பங்கு முதல் வகை, அதாவது மாத்திரையோடு தொடர்புடைய வகை. பிரேசில் நாட்டில் 26,000 சோதனைகளைத் தொகுத்து 2007-இல் இன்னோர் ஆய்வு வந்தது. அங்கே நூற்றுக்கு ஒருவருக்குக்கூடச் சதைமுளை இல்லை. ஆனால் இருந்தவற்றில் பத்துக்கு ஏழு இரண்டாம் வகை, புண்ணின் விளைவாக வருவது.

மனிதனுடைய இரைப்பை எங்கும் ஒரே மாதிரிதானே? பிறகு ஏன் இந்த மாறுபாடு? ஓரிடத்தில் மருந்து மாத்திரை மிகுதி. மற்றோரிடத்தில் ஒரு கிருமி மிகுதி. அந்தக் கிருமியின் பெயர் ‘ஹெலிகோபாக்டர் பைலோரி’. சுருள் வடிவமாக இருக்கும். வசதிக்காக நாம் இரைப்பைக் கிருமி என்று அழைப்போம்.

இரைப்பையில் இருக்கும் கடும் அமிலத்தில் எந்தக் கிருமியும் வாழ முடியாது என்றுதான் டாக்டர்கள் நெடுங்காலம் நம்பி வந்தார்கள். வயிற்றுப்புண்ணுக்குக் கவலையும் காரமும்தான் காரணம் என்று சொல்லி வந்தார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பேரி மார்ஷல் என்ற இரு மருத்துவர்கள் இந்தக் கிருமியைக் கண்டு, 1982-இல் அதைத் தட்டில் வளர்த்துக் காட்டினார்கள். பலர் நம்ப மறுத்தார்கள். 1984-இல் மார்ஷல் தாமே அந்தக் கிருமிக் கரைசலைக் குடித்தார். சில நாட்களில் அவருக்கு வாந்தியும் இரைப்பை அழற்சியும் கண்டன. அதன் பிறகே உலகம் மெல்ல மெல்ல ஒத்துக்கொண்டது. 1994-இல் உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு, இது மனிதருக்குப் புற்றை உண்டாக்கும் கிருமி என்று அறிவித்தது. 2005-இல் அவ்விருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது.

இந்தக் கிருமிதான் இரண்டாம் வகைச் சதைமுளைக்குப் பெரிய காரணம். இதற்கு நல்ல சான்று ஜப்பானில் கிடைத்தது. சதைமுளையும் கிருமியும் உள்ளவர்களுக்கு மருந்து கொடுத்துக் கிருமியை ஒழித்துப் பார்த்தார்கள். 1998-இல் வெளியான அந்த ஆய்வில், மருந்தை முடித்துத் தொடர்ந்து கவனிக்கப்பட்ட 15 பேரில் 12 பேருக்குச் சதைமுளைகள் தாமாகவே மறைந்துபோயின. கத்தியும் இல்லை, கம்பியும் இல்லை. காயப்படுத்தும் உளி நின்றது, பட்டை சமமானது எனலாம்.

நேயர்களே, இப்போது நம் நாட்டுக்கு வருவோம். மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் கோ கியன் லீ அவர்களும் உடன் ஆய்வாளர்களும் நாட்டின் பல இடங்களில் மக்களின் இரத்தத்தைச் சோதித்து, 2001-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கிருமித் தொற்று இருந்தவர்கள் இடத்துக்கு இடம் மாறுபட்டார்கள். மலாய்க்காரர்களில் நூற்றுக்கு 12 முதல் 29 பேர். சீனர்களில் 27 முதல் 57 பேர். இந்தியர்களிலோ எங்கு பார்த்தாலும் ஏறத்தாழப் பாதிப் பேர். கெலாந்தானில் இரத்ததானம் செய்தவர்களை 1990-களில் சோதித்தபோது நூற்றுக்கு ஐந்து பேருக்குக்கூட இல்லை. அங்கே வயிற்றுப்புண்ணும் மிகக் குறைவு.

ஒரே மண், ஒரே மழை, ஒரே சந்தை. ஆனாலும் இவ்வளவு வேறுபாடு. இது இரத்தத்தில் ஊறியதா? இல்லை என்பதற்குக் காரணம் சொல்கிறோம்.

இந்தக் கிருமி பெரும்பாலும் சிறு வயதிலேயே ஒட்டிக்கொள்கிறது. அதுவும் குடும்பத்துக்குள்ளேயே பரவுகிறது. தாயிடமிருந்து பிள்ளைக்கு, அண்ணனிடமிருந்து தம்பிக்கு. ஒரே அறையில் பலர் படுத்து உறங்கும் வீடுகளிலும், சுத்தமான குடிநீரும் சரியான கக்கூசும் இல்லாத இடங்களிலும் வளர்ந்தவர்களுக்கு அதிகம். ஒருமுறை வந்துவிட்டால், மருந்து சாப்பிடாதவரை பெரும்பாலும் ஆயுள் முழுதும் தங்கிவிடும். ஐம்பது வயதுக்காரரின் வயிற்றில் இன்று இருக்கும் கிருமி, அவர் ஐந்து வயதில் எந்த வீட்டில் படுத்தார், எந்தக் குவளையில் குடித்தார் என்பதன் கணக்கு. நம் பாட்டன் பாட்டிமார் கப்பலேறி வந்து குடியேறிய லயங்களை நினைத்துப் பார்த்தால், இந்தக் கணக்கு விளங்கும்.

கிருமியின் மரபுக்கூறுகளை ஆராய்ந்தவர்கள் 2009-இல் இன்னொரு செய்தியைச் சொன்னார்கள். சீனர் வயிற்றில் இருப்பது பெரும்பாலும் கிழக்காசிய வகைக் கிருமி. இந்தியரிடம் இருப்பது வேறு வகை. மலாய்க்காரரிடம் கண்ட கிருமிகளில் பெரும்பாலானவை இந்தியர் கிருமிக்கு உறவானவை. ஆகவே மலாய்க்காரருக்கு இந்தத் தொற்று அண்மைக் காலத்தில்தான் வந்தது என்று முடிவு செய்தார்கள். இதில் யாரும் யாரையும் குறைகூற வேண்டியதில்லை. மனிதர் குடிபெயரும்போது மொழியும் சமையலும் கூடவே வருவது போல, கிருமியும் மூட்டையோடு வந்திருக்கிறது.

இடம் மாறினால் நோயும் மாறும் என்பதற்கு இன்னொரு சான்று உண்டு. இரைப்பைப் புற்று ஜப்பானில் மிகுதி. அங்கிருந்து ஹவாய்த் தீவுக்குத் தோட்ட வேலைக்காகக் குடிபெயர்ந்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்நோய் குறைந்தது. இரத்தம் அதே இரத்தம். வாழ்ந்த வீடும், குடித்த நீரும், உண்ட உணவும் மாறின.

இப்போது ஒரு முக்கியமான இடத்துக்கு வந்திருக்கிறோம். கிருமி நம்மவரிடம் அதிகம் இருந்தும், இரைப்பைப் புற்று இந்த நாட்டில் சீனரிடமே அதிகம். இந்தியர் அடுத்தபடி. மலாய்க்காரரிடம் மிகக் குறைவு. கிருமி இவ்வளவு இருந்தும் இந்தியருக்குப் புற்று ஏன் சீனரைவிடக் குறைவு என்பதை மருத்துவ உலகம் இந்தியப் புதிர் என்றே அழைக்கிறது. கிழக்காசியக் கிருமி கொடியது என்பது ஒரு காரணம். மஞ்சள், மசாலை என்று காரணம் சொல்வோரும் இருக்கிறார்கள்.

இதைக் கேட்டவுடன், அது சீனருக்கு வரும் நோய், நமக்கு வராது என்று யாரும் தலையணையில் சாய்ந்துவிட வேண்டாம். குறைவு என்றால் இல்லை என்று பொருளல்ல. நூறு வீட்டில் ஒரு வீட்டுக்கு வந்தாலும், அந்த ஒரு வீட்டுக்கு அது முழு நோய்தான். இந்த நாட்டில் இரைப்பைப் புற்று பெரும்பாலும் முற்றிய நிலையில்தான் கண்டுபிடிக்கப்படுகிறது. நமக்கு வராது என்ற நினைப்பு அந்தத் தாமதத்தை இன்னும் நீட்டிவிடும். மேலும், அதே கிருமி தருகிற வயிற்றுப்புண்ணும் இரத்தக் கசிவும் நம்மவரை விட்டு வைக்கவில்லை. குழம்பில் மஞ்சள் போடுவது நல்லதுதான். அது ஸ்கோப் சோதனைக்கு ஈடாகாது.

அடுத்து, நம்மிடையே உள்ள ஒரு பழக்கத்தைப் பேச வேண்டும். வயிறு எரிந்தால் ‘காஸ்ட்ரிக்’ என்று நாமே பெயர் வைத்துக்கொள்கிறோம். கடையில் பவுடர் வாங்கிக் கலக்கிக் குடிக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடும் மாத்திரையை நாமும் வாங்கிச் சாப்பிடுகிறோம். ஒரு வாரம் ஒரு மாதமாகி, ஒரு மாதம் ஐந்து ஆண்டாகிவிடுகிறது. இரைப்பை அமிலம் மேலேறி உணவுக்குழாயைப் புண்ணாக்கும் நோய், இந்நாட்டில் மற்ற இரு இனத்தவரைவிட இந்தியரிடம் அதிகம் என்று ஆய்வுகள் கூறுகின்றன. ஆகவே அமில மாத்திரை தேவைப்படுவோரும் நம்மிடையே நிறைய இருப்பார்கள். டாக்டர் தேவையென்று கொடுத்தால் பயப்படாமல் சாப்பிடுங்கள். அவரிடம் கேட்காமல் நிறுத்தவும் வேண்டாம். ஆனால் சோதனை எதுவும் செய்யாமல், நாமே வாங்கி ஆண்டுக்கணக்கில் விழுங்குவது சரியல்ல. மாத்திரை எரிச்சலை மட்டும் அடக்கி வைக்கும். அடியில் இருக்கும் கிருமி, புண், அடினோமா ஆகியவை அப்படியே இருக்கும்.

சிறுகுடலின் மேற்பகுதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே சதைமுளை இரைப்பையைவிட அரிது. பல தீங்கற்றவை. ஆனால் அடினோமா வகை கண்டால், பெருங்குடலையும் சோதித்துப் பார்க்க டாக்டர் சொல்லலாம். காரணம், சில குடும்பங்களில் பெருங்குடல் முழுதும் நூற்றுக்கணக்கான சதைமுளைகள் இளம் வயதிலேயே தோன்றும் பரம்பரை நோய் உண்டு. அது ஏறத்தாழப் பத்தாயிரம் பேருக்கு ஒருவரிடம் காணப்படுகிறது. எல்லா இனத்திலும் உண்டு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆகவே அப்பாவோ, அத்தையோ, தாத்தாவோ நாற்பது வயதுக்குள் குடல் புற்றால் இறந்திருந்தால், அதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். இனம் என்ற கட்டத்தைவிடக் குடும்ப வரலாறு பெரிய செய்தி.

சரி, நாம் செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, ஆபத்தின் அடையாளங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். மலம் தார்போலக் கறுத்து, பிசுபிசுப்பாக, துர்நாற்றத்தோடு போனால் அது உள்ளே இரத்தம் கசிவதன் அடையாளம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் மலம் கறுக்கும் என்பது உண்மை. அதை டாக்டரே பிரித்துச் சொல்லட்டும். இரத்த வாந்தி, உணவு விழுங்க முடியாமை, காரணமின்றி உடல் மெலிதல், நாலு வாய் சாப்பிட்டவுடன் வயிறு நிறைந்துபோதல், ஓயாத வாந்தி ஆகியவையும் அப்படிப்பட்ட அடையாளங்கள். வயதான ஆணுக்கோ மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கோ இரத்தச்சோகை வந்தால், கீரை சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று இருந்துவிடாதீர்கள். இரத்தம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது, பல மாதமாக வயிற்றுத் தொல்லை இருப்பவர்கள் கிருமிச் சோதனை வேண்டுமா என்று டாக்டரிடம் வாய் திறந்து கேளுங்கள். அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டணத்தில் குடிமக்கள் டாக்டரைப் பார்க்கலாம். தேவையானால் அவர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார். மூச்சை ஊதிப் பார்க்கும் சோதனையும் உண்டு, மலச் சோதனையும் உண்டு. ஸ்கோப் என்றால் நடுங்க வேண்டாம். காலையில் வெறும் வயிற்றோடு போக வேண்டும். தொண்டையில் மரத்துப்போகும் மருந்தைத் தெளித்துச் சுண்டுவிரல் பருமனுள்ள குழாயை விடுவார்கள். பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

மூன்றாவது, கிருமி இருந்தால் இரண்டு வகைக் கிருமிக்கொல்லி மருந்தும் ஓர் அமில மாத்திரையும் வழக்கமாக இரண்டு வாரம் கொடுப்பார்கள். வாய் கசக்கும், சிலருக்கு வயிறு கலங்கும். அதற்காக நான்காம் நாளில் நிறுத்திவிட்டால், கிருமி சாகாமல் மருந்துக்குப் பழகிவிடும். பிறகு அதே மருந்து வேலை செய்யாது. மருந்து முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து, கிருமி ஒழிந்ததா என்று மறுபடி சோதித்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது, வீட்டில் உள்ள பெண்களுக்கும் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைக்குச் சோற்றை மென்று ஊட்டுவதை விட்டுவிடுங்கள். கக்கூசுக்குப் போய்வந்த பிறகும், சமைக்கும் முன்பும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். சந்தேகமான தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். கருவாடு, உப்பில் ஊறியவை ஆகியவற்றை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். புகையிலையையும் சம்சுவையும் விட்டொழிப்பது இரைப்பைக்கு நாம் செய்யும் பெரிய உபகாரம். முதுகுவலி, மூட்டுவலி மாத்திரைகளைத் தினமும் கேட்பாரற்று விழுங்குவதும் இரைப்பையைப் புண்ணாக்கும்.

நேயர்களே, பாரத்தில் உள்ள இனம் என்ற கட்டம் நம்முடைய தலையெழுத்தல்ல. நம் முன்னோர் எப்படிப்பட்ட வீட்டில் வாழ்ந்தார்கள், எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள் என்பதன் அடையாளம் அது. தோட்டத்தில் இருந்தாலும், தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்திருந்தாலும், நம் வயிற்றில் அந்தப் பழைய நாளின் மிச்சம் இருக்கக்கூடும். அதைச் சோதித்து அறிந்து நீக்கிக்கொள்ள இன்று மருந்து இருக்கிறது. நம்மோடு அந்தக் கிருமி நிற்கட்டும். நம் பேரப்பிள்ளைகளின் இரத்தத்தைச் சோதிக்கும் நாளில், மூன்று இனத்துக்கும் ஒரே கணக்கு, அதுவும் மிகக் குறைந்த கணக்கு வர வேண்டும்.

இந்த வாரம் உங்கள் வீட்டில் யாராவது பல மாதமாகப் பவுடர் கலக்கிக் குடித்துக்கொண்டிருந்தால், அவரை ஒருமுறை கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.